ரொட்டி தின்ற எலி

அந்த எலியைக் கண்ணாடிக்காரர் முப்பது வருஷமாக நம்பவில்லை.

நம்பாததற்கு அவரிடம் நல்ல காரணம் இருந்தது. அதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. குடும்பம் கூடும்போதெல்லாம் அவர் மனைவி அந்தக் கதையை எடுப்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். இவரும் சிரிப்பார், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே.

இன்றைக்குப் பஸ்ஸிலும் அதே கதைதான்.

"கல்யாணம் பேச உங்க வீட்டுக்கு நாங்க எட்டுப் பேர் வந்தோம். உங்க அண்ணி ரொட்டிய நறுக்கிக் கொண்டாந்து வச்சாங்க பாருங்க. ஒரு துண்டைத் தூக்கிப் பிடிச்சா, அந்தப் பக்கம் எங்கப்பா முகம் தெரிஞ்சுது."

"ம்."

"அதுக்கு மேல தக்காளி. நறுக்கினதா, வரைஞ்சதான்னே தெரியல."

"ம்."

"அதைக் கொண்டு வர்றதுக்கு முன்னாடியே, உதவி பண்ணலாமேன்னு நான் அடுப்படிக்குப் போயிருந்தேன். அப்பதான் பொட்டலத்தைப் பிரிக்கிறாங்க. உள்ள பாதி ரொட்டிதான் இருக்கு. என்னைப் பார்த்ததும் முகமே மாறிப்போச்சு. பின்னாடி ஒருநாள் கேட்டா, மீதியை எலி தின்னுட்டுதாம். எலி கடிச்ச மாதிரியா இருந்துச்சு? நூல் பிடிச்ச மாதிரி நேரா வெட்டியிருந்துச்சு. எலிக்கு ஸ்கேல் யாருங்க வாங்கிக் குடுத்தா?"

கண்ணாடிக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நாளெல்லாம் கண்ணாடி வெட்டுகிறவருக்குப் பஸ் ஜன்னலில் பார்க்க நிறைய இருக்கும்.

"ஒளிச்சு வச்சிருக்காங்க. கருமித்தனம். எங்கப்பா அன்னைக்கே எழுந்து போயிருப்பாரு. அதுக்கு முன்னாடி ஒரு பையனை, டீயை உறிஞ்சிக் குடிச்சான்னு வேண்டாம்னு சொன்னவரு அவரு. என்னமோ, உங்ககிட்ட மட்டும் ஒரு குறையும் அவருக்குத் தெரியல."

"ம்."

"என்ன ம்? அங்க போய்ச் சொல்லிடுவீங்கல்ல?"

"சொல்றேன்."

அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் கிடையாது. அண்ணி இருக்கிற வாடகை வீட்டை இடிக்கப் போகிறார்கள். மாசக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். 'தம்பி வீட்டுல ஒரு மூலை இருந்தா போதும்' என்று போனில் கேட்டிருந்தார். அந்த ஒரு மூலையும் இல்லை என்று நேரில் சொல்லத்தான் இந்தப் பயணம். தனியாக அனுப்பினால் ஆள் இளகிவிடுவார் என்று மனைவியும் கூட வந்தாள்.

"அடுப்படி அவங்க கைக்குப் போச்சுன்னா, நாம அந்த ரொட்டி மாதிரியே ஆயிடுவோம்," என்றாள்.

வெறுங்கையோடு போனால் நன்றாக இருக்காது. இறங்கியதும் ஒரு முழு ரொட்டி வாங்கிக்கொண்டார்கள். இடமில்லை என்று சொல்லப் போகிற வீட்டுக்கும் மரியாதை மரியாதைதானே.

அண்ணியின் சாமான்களில் பாதி ஏற்கெனவே மூட்டையாகியிருந்தது. மேஜை இன்னும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"வா தம்பி. வாம்மா. வெயில்ல வந்திருக்கீங்க, உட்காருங்க. பசிக்கும், ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் பேசுவோம்."

பலகையைப் போட்டு வெள்ளரிக்காயை நறுக்க ஆரம்பித்தார். எழுபது வயதிலும் கை தடுமாறவில்லை. ஒவ்வொரு துண்டும் பலகையில் ஒட்டிக்கொள்கிற அளவுக்கு மெலிசு.

மனைவி கண்ணாடிக்காரரை முழங்கையால் இடித்தாள். "பார்த்தீங்களா?"

பார்த்தார்.

"அக்கா, நாங்க மூணு பேருதான் இருக்கோம். கொஞ்சம் தடிமனா நறுக்கினாத்தான் என்ன?"

"கை பழகிப் போச்சும்மா. இருக்கறதை வந்தவங்க எல்லாருக்கும் வரணும்னு ஒருநாள் நறுக்கினது. அப்படியே நின்னுடுச்சு."

மனைவி அதைக் காதில் வாங்கவில்லை. "இவரு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்திருக்காரு."

"சொல்லட்டும். அவன் வீடு, அவன் சொல்றதுதான். நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்." அண்ணி ரொட்டியை அவர் பக்கம் தள்ளினார். கத்தியைத் திருப்பி, பிடி அவர் பக்கம் வருகிற மாதிரி வைத்தார். "ரொட்டிய மட்டும் நீ வெட்டு தம்பி. பாதியா வெட்டினாலும் நூல் பிடிச்ச மாதிரி வெட்டுறது நம்ம வீட்டுல நீ ஒருத்தன்தான்."

"கண்ணாடி வெட்டுற கையாச்சே," என்று மனைவி பெருமையாகச் சிரித்தாள்.

அண்ணி சிரிக்கவில்லை, நிமிரவும் இல்லை. வேறொரு கத்தியை எடுத்துத் தக்காளிக்குப் போய்விட்டார்.

கண்ணாடிக்காரர் ரொட்டியின் நடுவில் கத்தியை வைத்தார். வைத்தது வைத்தபடியே நின்றது. கடையிலிருந்து பசியோடு வந்து, விருந்தாளிகள் வர இன்னும் நேரமிருக்கிறதென்று, அடுப்படியில் நின்றபடியே விழுங்கிய அந்தப் பாதி, முப்பது வருஷமாக எலியின் கணக்கில் இருந்தது.

"சொல்லுங்க," என்று மனைவி கண்ணைக் காட்டினாள்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். மனைவிக்கும் நன்றாகக் கேட்கிற மாதிரி, நிதானமாகக் கேட்டார்:

"அண்ணி, அந்த எலியோட வீட்டுல வந்து இருப்பீங்களா?"