ஏறாத பேட்டரி

"என்ன சார், இவ்ளோ தூரம் வந்தாச்சு. முள்ளு அப்படியே படுத்துக் கெடக்கே?"

படகை வாங்க வந்தவர் பேட்டரி மீட்டரை விரலால் தட்டினார். கேப்டனின் முகம் வெளிறிவிட்டது.

கேப்டன் என்பது பக்கத்துப் படகுக்காரர்கள் வைத்த பெயர். ஓய்வு பெற்றதிலிருந்து அவரும் மனைவியும் குடியிருப்பது இந்தப் படகில்தான். விளக்கு, விசிறி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் பேட்டரிதான் கதி. படகு ஓட ஓட இரண்டு எஞ்சின்களும் சேர்ந்து அதற்குச் சார்ஜ் ஏற்றிவிடும். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட மக்கர் பண்ணியதில்லை.

"கொஞ்சம் வேகமா போனா ஏறிடும்," என்று கேப்டன் வேகத்தைக் கூட்டினார். இரண்டு எஞ்சின்களும் உறுமின. முள் அசைவேனா என்றது.

"தங்கமான படகுங்க," என்றாள் மனைவி. "கரையில எங்க பொண்ணு வீடு பாத்து வச்சிருக்கா. பால்கனிகூட இருக்கு. இதை வித்ததும் அங்க போயிடுவோம்."

படகை விட்டுப் போகக் கேப்டனுக்கு மனசே இல்லை. ஆனால் ஆசையாகக் கிளம்பி நிற்பவளிடம் அதை எப்படிச் சொல்வது? மனுஷர் சுக்கானைத் திருப்பினார்.

"ராத்திரி விசிறி நின்னா என் மாமியார் என்னைத் தூக்கித் தண்ணியில போட்டுடுவாங்க சார். ஆளை விடுங்க!" என்றார் வாங்க வந்தவர்.

கரை சேர்ந்ததும் அவர் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினார்.

"போச்சு!" என்று மனைவி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

கேப்டனுக்குத் தாங்கவில்லை. "என்னை மன்னிச்சிடும்மா. காலையில இடது எஞ்சினோட சார்ஜ் ஃபியூஸைக் கழட்டி வச்சதே நான்தான். சார்ஜ் மந்தமா ஏறினா அந்த ஆள் பின்வாங்குவான்னு பாத்தேன். இந்தப் படகை விட்டுட்டு என்னால இருக்க முடியாது."

"அடப்பாவி மனுஷா! அப்ப முட்டி வலிக்குது, ஏணி ஏற முடியலன்னு பொலம்பினதெல்லாம்?"

"அது பாட்டுக்கு வலிக்கும். கரைக்குப் போனா மட்டும் விட்டுடுமா?"

"அந்த முட்டிக்காகத்தானே நான் வீட்டுக்கே சரின்னேன்!"

கேப்டன் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நெற்றியைச் சுருக்கினார்.

"ஆனா ஒண்ணு இடிக்குதே. நான் கழட்டினது ஒரு ஃபியூஸ்தான். வலது எஞ்சின் பாதியாவது ஏத்தியிருக்கணுமே?"

"எப்படிங்க ஏத்தும்?" என்ற மனைவி, கைப்பையைத் திறந்து வலது எஞ்சின் ஃபியூஸை எடுத்து நீட்டினாள்.