அனுபவம் இல்லாதவர்

“உள்ளூர்க்காரங்களையே ஆசிரியராக்குற திட்டம் சார் இது. இந்தம்மா எப்படி?” என்று கேட்டார் தேர்வு அதிகாரி.

தலைமையாசிரியர் உதட்டைப் பிதுக்கினார். “எங்க பள்ளிக்கூட ஆயா. கூட்டுவாங்க, மணி அடிப்பாங்க. பாடம் நடத்துறதெல்லாம் சரிப்பட்டு வராது.”

“நான் பன்னெண்டாவது பாஸ்ங்க” என்றாள் ஆயா.

அவள் சேலையெல்லாம் வெள்ளைப் பொடி. அதிகாரி முகம் சுளித்தார். “அனுபவம் இல்லையேம்மா!” விண்ணப்பத்தை ஒதுக்கி வைத்தார்.

வெளியே வந்ததும் ஆயா தலைமையாசிரியரிடம் பொங்கினாள். “ஏன் சார் என் பிழைப்புல மண்ணள்ளிப் போட்டீங்க?”

“கோவிச்சுக்காதம்மா. தேர்வானா ஆறு மாசம் பயிற்சிக்குப் போயிடுவே. அப்புறம் அஞ்சு வகுப்புக்கும் யாரு பாடம் எடுக்கிறது? எனக்குத்தான் பழக்கமே விட்டுப்போச்சே!”

சாக்பீஸ் டப்பாவை அவள் கையில் திணித்துவிட்டு, நாற்காலியைத் தேடிப் போனார் தலைமையாசிரியர்.