மயில்கழுத்து நிறம்

“அடடா, என்ன ஒரு மயில்கழுத்து நிறம்!”

கண்காட்சிக்கு வந்த பங்களாக்காரம்மா, ஆளுயர ஓவியத்தில் கன்னத்தை வைத்து உரசினாள். “எங்க சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலதான் மாட்டப்போறேன்.”

ஓவியன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் அவன் அம்மா, பழச்சாறு டம்ளரின் வாயை உள்ளங்கையால் இறுகப் பொத்தியபடி ஓவியத்தையே முறைத்தாள்.

“சின்ன வயசுல நிறைய மயில் பார்த்திருப்பீங்க, இல்ல?”

அவன் வாயைத் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டாள்.

“மயிலை எங்கங்க கண்டோம்? கசாப்புக்கடைக் குடலைக் கொட்டுற இடத்துலதான் எங்க வீடு. தூங்குறப்ப இவன் உதடு தெரியாம மொய்ச்சுக் கிடக்கும். அதுங்க முதுகைத்தான் அப்படியே வரைஞ்சு வெச்சிருக்கான்.”

“எதுங்க முதுகை?”

“ஈ.”

பங்களாக்காரம்மா கன்னத்தைத் தேய்தேய் என்று தேய்த்தாள். அம்மா டம்ளரிலிருந்து இன்னும் கையை எடுக்கவில்லை.