ஷூவில் ஒரு கணவாய்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: நாசரேத்தின் ஓய்வுபெற்ற தலைமையாசிரியையும், சபைப் பெண்கள் சங்கத்தின் நிரந்தரத் தலைவியுமான திருமதி ஜெபசுதா நேசக்குமார் அவர்கள், தம் ஒரே மகனுக்குப் பெண் பார்க்க மாப்பிள்ளையூரணிக்கு எழுந்தருளினார்கள். எழுந்தருளியவர்கள் பெண் வீட்டு வாசற்படியோடு நின்றுவிட்டார்கள்.

படியோரம் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளுக்கு நடுவே ஒரு ஜோடி வெள்ளை கேன்வாஸ் ஷூ கிடந்தது. கட்டுகிற கயிறே தெரியாத அளவுக்கு அதன்மேல் கொக்கி ஊசியால் பின்னிய குரோஷாப் பூக்கள். ரோஸ், மஞ்சள், கத்தரிப்பூ நிறம். போதாததற்கு, இரண்டு ஷூவின் நுனியிலும் கால்களைப் பரப்பிக்கொண்டு, பாசிமணிக் கண்ணால் முழித்தபடி நூலில் பின்னிய ஒரு கணவாய் மீன்.

ஜெபசுதா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மற்றவர்கள் பெண்ணின் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்ப்பவர். இதுவரை வந்த பெண்களையெல்லாம் செருப்பை வைத்தே கழித்ததில் மகனுக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது.

“சீ! மிதிக்கிற சாமானுக்குப் பூ வேற. ரோட்டுல உள்ள எச்சியும் நாய் மூத்திரமும் இந்த நூல்ல எப்படி ஊறும்? நினைச்சாலே வயித்தப் பொரட்டுது.”

கணவர் நேசக்குமார் குனிந்து பார்த்தார். “ஏளா, பொம்பளப்பிள்ளைக்கு இவ்வளவு பெரிய காலா?”

“அதையும் ஒரு குறையா மனசுல வச்சுக்கிடுங்க.”

செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் ஷூக்களைத் தூக்கினார் ஜெபசுதா. முகத்தைத் திருப்பிக்கொண்டு, காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிய சாக்கடையில் எறிந்தார். கணவாய்கள் பிறவிக் குணத்தில் கொஞ்சம் நீந்தப் பார்த்தன. பிறகு ஷூவோடு முங்கிப்போயின.

“அடுத்த வீட்டுச் சாமானைப் போயி...” என்று இழுத்தார் நேசக்குமார்.

“நாளைக்கு நம்ம வீட்டு வாசல்ல இது கிடந்தா, குருவானவர் என்ன நினைப்பாரு?”

கைக்குட்டையில் விரல்களைத் துடைத்து, அந்தக் கைக்குட்டையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

காலையில் கப்பல் கரை தொட்டதும் துறைமுகத்திலிருந்து நேரே ஆட்டோ பிடித்து வந்துவிட்ட மகன் ஷாம் சோபாவில் உட்கார்ந்திருந்தான். சோபாவுக்குக் குரோஷா உறை. டி.வி.க்குக் குரோஷா உறை. தண்ணீர்ச் செம்புக்கும் மணி கோத்த குரோஷா மூடி. ஷூவில் பூப் போட்டது பெண்தானா என்ற ஜெபசுதாவின் சந்தேகம் தீர்ந்தது. இதே உறைகள் நாசரேத்தில் அவர் வீட்டிலும் உண்டு; ஆனால் அங்கே அவற்றுக்குப் பெயர் பாரம்பரியம்.

“வாங்க மதினி, வாங்கண்ணே” என்றார் பெண்ணின் அம்மா கிரேசி. பெண் அனிஷா காப்பியும் மக்ரூன் தட்டுமாக வந்தாள். கப்பல் கம்பெனி ஆபீசில் வேலை, நிமிர்ந்த பார்வை. ஜெபசுதா பார்த்தது அவள் விரல்களை. ஷூவைத் தடவித் தடவிப் பூ தைத்த விரல்கள். அந்த விரல் பட்ட மக்ரூன் தட்டை அவர் தொடவில்லை; அது வந்த வழியே திரும்பியது.

“நேராவே பேசிருதேன். என் மகன் கப்பல்ல இன்ஜினியர். எங்க வீட்டுச் சிங்கம். இரும்பைத் தவிர வேற எதையும் தொட்டறியாத கை அவனுக்கு. அவனுக்கு வாரவ, கால்ல கணவாயக் கட்டிக்கிட்டு அலைஞ்சா ஊரு காறித் துப்பாதா?”

கிரேசி பதறினார். “மதினி, அந்த ஷூ வந்து...”

“நடுவுல பேசப்படாது. பேசணும்னா கையத் தூக்கணும்.”

கிரேசியின் கை தானாகவே பாதி தூரம் எழும்பியது. ஷாமின் காதுகள் சிவந்து, தாடை நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தது. அம்மா பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாத பிள்ளை என்று ஜெபசுதா உள்ளுக்குள் பூரித்தார்.

“ஒரே ஒரு கண்டிஷன். அந்தக் குரோஷா அசிங்கத்தை இனிமே தொடமாட்டேன்னு இங்கனயே சொல்லணும். சொன்னா வர்ற மாசமே நிச்சயம். இல்லன்னா இப்பவே எந்திரிச்சுப் போயிருவோம்.”

ஷாம் தலையைத் தூக்கி அனிஷாவைப் பார்த்தான். வீடியோ காலில் மூன்று மாதம் பேசிப் பிடித்துப்போன பெண். கெஞ்சுகிற பார்வை அது.

“தாராளமா சொல்லுதேன் ஆன்ட்டி” என்றாள் அனிஷா. சிரிப்பை அடக்குவதற்கு அவள் படுகிற பாடு நன்றாகவே தெரிந்தது. “எனக்குக் குரோஷா ஊசியப் பிடிக்கக்கூடத் தெரியாது. இங்க உள்ளதெல்லாம் அம்மா போட்டது.”

“பொய் சொல்லுத பிள்ளைகள எத்தனை பேரை நான் பாத்திருக்கேன்! அப்ப வாசல்ல கிடந்த ஷூ?”

“கிடந்ததா? இப்ப எங்க?”

இதற்காகவே காத்திருந்தவர்போல் ஜெபசுதா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். பள்ளிக்கூட அசெம்பிளியில் தீர்ப்பு வாசிக்கிற அதே குரல்.

“சாக்கடையில எறிஞ்சிட்டுத்தான் உள்ள வந்தேன்!”

சிங்கம் துள்ளி எழுந்தது.

“ஏம்மா எறிஞ்சீங்க? சிங்கப்பூர்ல இருந்து உக்காந்து பின்னிக்கிட்டு வந்தேன்.”