நீல முடிச்சு

"ஓடி வாங்கடி! திருடியைப் பிடிச்சுட்டேன்!"

ஆத்திம் போட்ட கூச்சலில், மாமரத்தடியில் கீரையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் கைகூடக் கழுவாமல் எழுந்து வந்தார்கள்.

கீரெக்கா குன்றின் சரிவில் வார்னிஷ் தோய்த்த காகித மணிச் சரங்கள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு சரத்தின் நுனியிலும் அதை உருட்டியவளின் நிறத்தில் ஒரு துணி முடிச்சு. அச்சாயோவுக்குச் சிவப்பு. லாகோட்டுக்கு நீலம்.

கொடிக்குப் பக்கத்தில் அச்சாயோ தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"லாகோட் அக்கா சரத்துல நீலத்தை அவுத்துட்டு இவ சிவப்பைக் கட்டினா. இவ சரத்துல அந்த நீலத்தைக் கட்டிட்டா. ரெண்டு சரம்! மூணு வாரமா இவ சரம் ஏன் கழிபடுது, தலைவிகிட்ட ஏன் திட்டு வாங்குறான்னு யோசிச்சேன். ஒழுங்கா உருட்டத் துப்பில்ல, அடுத்தவ உழைப்புல கை வைக்கிறா!"

"ஞாயித்துக்கிழமையானா சர்ச்சுல முதல் பெஞ்சு," என்றாள் ஒருத்தி.

"அங்க இருந்தாத்தானே காணிக்கைப் பை முதல்ல கைக்கு வரும்," என்றாள் இன்னொருத்தி.

சிரிப்பு எழுந்தது.

திருடினால் மணி உருட்டும் பெண்கள் சங்கத்தை விட்டு வெளியே. சரம் தொடர்ந்து கழிபட்டாலும் வெளியே. வெளியே என்றால் கீழே கல்குழிதான். வெயிலில் உட்கார்ந்து சுத்தியலால் ஜல்லி உடைக்க வேண்டும். சங்கத்தில் இருக்கிற எல்லாருமே அந்தக் குழியிலிருந்து ஏறி வந்தவர்கள். லாகோட்டின் இடது கண்ணைக் கல் சில்லு தெறித்து வாங்கிக்கொண்டதும் அங்கேதான்.

ஆத்திமின் தங்கை இன்னும் அந்தக் குழியில்தான் இருந்தாள். சங்கத்தில் ஓர் இடம் காலியானால் அவளுக்கு என்று தலைவியிடம் ஆத்திம் சொல்லி வைத்திருந்தாள். இப்போது அந்த இடம் கண்ணெதிரே காலியாகிக்கொண்டிருந்தது.

தலைவி பிலோயா வந்தாள். கொடியிலிருந்து முடிச்சு மாறிய நாலு சரத்தையும் எடுத்துக்கொண்டாள். வழக்கம்போல ஒரு மணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினாள். இன்னொன்று. இன்னொன்று. பிறகு நாலையும் சுருட்டி இடுப்புத் துணிக்குள் செருகினாள்.

"அச்சாயோ, முடிச்சை மாத்தினியா?"

"மாத்தினேன்."

"ஏன்?"

அச்சாயோ ஒரு கணம் லாகோட் இருந்த பக்கம் பார்த்தாள். "ஆசை. எடுத்தேன்."

"கேட்டீங்களா? அவ வாயாலயே சொல்லிட்டா!" என்றாள் ஆத்திம்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து லாகோட் மெல்ல முன்னே வந்தாள். "விடுங்கடி, பாவம். என் மணி அழகா இருக்குன்னு ஆசைப்பட்டுட்டா. இத்தனை நாளா என் சரம் ஒண்ணுகூடக் கழிபட்டதில்லையே, யாருக்குத்தான் கண்ணு படாது?"

பிலோயா தொண்டையைச் செருமினாள்.

"வெளியே அனுப்பினா தண்டனை ஒரு நாளோட முடிஞ்சுடும். இவ இங்கேயே இருக்கட்டும். கிறிஸ்துமஸ் ஆர்டர் முடியிற வரைக்கும் வாராவாரம் தன் சரத்துல நல்லதாப் பார்த்து ரெண்டுக்கு நீல முடிச்சுப் போடணும். திருட்டுத்தனமா இல்ல. எல்லார் முன்னாலயும்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "தலைவிக்கு மனசும் கல்குழியிலதான் செஞ்சிருக்கு," என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"ரொம்பக் கடுமை, பிலோயா," என்றாள் லாகோட். "ஒரு சரம் போதாதா?"

"ரெண்டு."

அச்சாயோ முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி" என்றாள்.

ஆத்திமுக்குப் பொறுக்கவில்லை. வார்னிஷ் டின்கள் அடுக்கியிருந்த கொட்டகைக்குள் பிலோயாவின் பின்னாலேயே போனாள்.

"இது என்னக்கா நியாயம்? திருடி உள்ள இருப்பா, என் தங்கச்சி வெயில்ல ஜல்லி உடைப்பாளா? சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

பிலோயா இடுப்பிலிருந்து சிவப்பு முடிச்சுப் போட்ட சரம் ஒன்றை உருவி நீட்டினாள்.

"லாகோட் உருட்டினது, அச்சாயோ சிவப்புக் கட்டி எடுத்துக்கிட்டது, இதுதானே?"

"இதேதான். கண்ணால பார்த்தேன்."

"அழுத்திப் பாரு."

ஆத்திம் ஒரு மணியை அழுத்தினாள். இறுக்கமில்லாமல் உருட்டிய காகிதம். நடுச்சுருள் அப்படியே பிதுங்கி வெளியே வந்தது. அடுத்த மணியை அழுத்தினாள். அதுவும் வந்தது. சரத்தில் ஒரு மணிகூடத் தேறாது.

அச்சாயோ உருட்டி நீல முடிச்சுக்கு மாற்றியிருந்த சரத்தைப் பிலோயா அவள் கையில் வைத்தாள். ஆத்திம் அழுத்தினாள். நகம் வலித்தது; மணி அசையவில்லை.

வெளியே லாகோட்டின் குரல் கேட்டது. "கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேனேடி, அச்சாயோ!"

"அக்கா…" என்று ஆத்திம் சத்தமாக ஆரம்பித்தாள்.

"மெதுவாப் பேசுடி," என்றாள் பிலோயா. "அவளுக்கு மத்தக் கண்ணும் மங்கிப்போச்சு. காது நல்லாவே கேக்கும்."