இன்னும் பெரிய இரும்பு

வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நின்றுவிடும் என்று மனிதகுலம் நெடுங்காலமாக நம்பிவருகிறது. மிகுந்த பணிவுடன் மறுக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அது ஓரிரு நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். அந்த நேரத்தில் கையில் பூசணிக்காய் இருந்தால் புகழ் பூசணிக்காய்க்குப் போயிருக்கும்.

இதைப் பதிப்பகத்தில் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லியே புரூஃப் அக்காவுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. மெய்ப்புத் திருத்துகிறவர், அதனால் அந்தப் பெயர்.

இன்றும் அக்காவுக்கு வலிப்பு வந்தது. கண் விழித்தால் சுற்றிலும் மொத்த ஆபீஸும் நிற்கிறது. ஒருவர் கையில் சுத்தியல், ஒருவர் கையில் பூட்டு, கணக்கர் கையில் ஜன்னல் கம்பி.

"யாரு இதையெல்லாம் கொண்டுவரச் சொன்னது?"

"மேனேஜர் சார்தான்க்கா. சாவிக்கொத்தை நீட்டினா, 'பத்தாது, பெருசா கொண்டா'ன்னு திருப்பி அனுப்பிட்டாரு!"

தலை தெளிந்ததும் அக்கா நேரே மேனேஜர் அறைக்குப் போனார்.

"ஏன் சார், மூளையில மின்சாரம் தாறுமாறா ஓடுதுன்னு டாக்டர் சொன்னதை உங்களுக்குப் படம் போட்டே காட்டினேனே! மாத்திரை அளவு சரியாகிற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோங்கன்னேன். நீங்களே இரும்பைத் தேடினா எப்படி? நான் வேலையை விட்டுடறேன்!"

"உட்காருங்கம்மா. நான் வர்றதுக்கு முன்னாடி இங்க உங்களுக்கு வந்தப்போ என்ன ஆச்சு?"

"கையைக் காலைப் பிடிச்சு அமுக்கி, தோள் எலும்பு இறங்கிடுச்சு. வாயில கரண்டியை விட்டதுல பல்லு போச்சு."

"தொடாதீங்கன்னு நீங்க சொல்லி வைக்கலையா?"

"தலைபாடா அடிச்சுக்கிட்டேன். யார் கேட்டா?"

"நானும் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தரும் கையை எடுக்கல. இரும்பு கொண்டாங்கன்னேன், ஒருத்தர் பாக்கியில்லாம ஓடினாங்க. அவங்க தேடிட்டு வர்றதுக்குள்ள உங்களை ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, தலைக்கு அடியில துணியை மடிச்சு வெச்சு, கடிகாரத்தைப் பார்த்துட்டு இருப்பேன். அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸ்."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னிக்குத்தான் பாருங்க, சுத்தியல் பக்கத்து மேஜையிலேயே கிடந்துச்சு. சனியன், சட்டுனு வந்துட்டாங்க" என்று மேனேஜர் அலுத்துக்கொண்டார்.

மறுநாள் ஆபீஸிலிருந்த சுத்தியல், பூட்டு, கம்பி எல்லாம் மூன்றாம் மாடிச் சாமான் அறைக்குக் குடிபோயின. கூடையைச் சுமந்தது புரூஃப் அக்கா.