கடலுக்குள் பிடித்த கை

பெண் பார்க்க வந்த ரதீஷின் அம்மா, செல்லசாமி வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படத்தின் முன்னால் நின்றுவிட்டார். கடலுக்கடியில் முகமூடி அணிந்த செல்லசாமியின் மகள் லேகா. அவள் கையைப் பிடித்தபடி, அதே கோலத்தில் ஓர் ஆண்.

"இது எங்க எடுத்தது மோளே?"

"லட்சத்தீவுல மாமி. லீவுக்கு முங்கப் போனேன். கரையில இருந்தே நடந்து எறங்கலாம்."

"கூட நிக்கியது ஆராக்கும்?"

"முங்க வந்த ஒருத்தரு. பயந்து கையப் பிடிச்சாரு. கரையேறுற வரைக்கும் விடல்ல."

ரதீஷ் காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கண்ட ஆம்பிள கையப் பிடிச்ச பெண்ணு நமக்கு வேண்டாம். எலே ரதீஷ், எந்திரி!"

செல்லசாமி பதறினார். "மக்கா, மாமிகிட்ட மன்னிப்புக் கேளு."

"எதுக்குப்பா? நான் ஒரு தப்பும் செய்யல்ல."

ரதீஷ் வாய் திறப்பான் என்று லேகா காத்திருந்தாள். அவன் எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினான்.

"மாமி, அந்த ஆளு உங்க மோன்தான். அங்க வச்சு என்னைப் பிடிச்சுப்போயித்தான் பெண்ணு கேட்டு வந்திருக்காரு."

"எர்ணாகுளத்துல டிரெயினிங்னு சொல்லிட்டுல்லா போனான்!" அம்மா திகைத்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பானார். "செரி, நம்ம பையன்தானே. பிறகென்ன, நாள் குறிச்சிரலாம்."

"வேண்டாம் மாமி. கடலுக்குப் பயந்தப்போ என் கைய விடாதவரு, உங்களுக்குப் பயந்து இப்ப விட்டுட்டாரு. இவரு எனக்கு வேண்டாம்."